தீதி ருசி பார்த்த பியர்

தீதி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டால் பந்தியில் பேச்சு நின்றுவிடும். சமைத்தவள் எந்த மூலையில் இருந்தாலும் காதை இந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். தீதி யாரையும் பார்க்கமாட்டார். மெல்லுவதைப் பாதியில் நிறுத்தி, கண்ணைக் கூரைத் தகரத்துக்கு உயர்த்தி, யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கவனிக்கிறவர் போலக் கொஞ்ச நேரம் இருப்பார். அப்புறம் சொல்வார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அல்ல. வாயில் என்ன இருக்கிறதோ அதை.

"புளி நேத்து கரைச்சது. மேத்தி, அதான் வெந்தயம், ஒரு சிட்டிகை ஜாஸ்தி. மீன் ஐஸ்ல கிடந்தது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு இலையைத் துடைத்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். குறை சொல்லிச் சாப்பிடாமல் போகிற ஜாதி இல்லை. அதுதான் நமக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

தமிழ்ப் பெண்தான். கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த காலத்திலேயே அவருடைய குடும்பம் அந்தமானில் வேர் பிடித்துவிட்டது. வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். எங்கள் வண்டூரில் வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள் எல்லாரும் அக்கா என்கிற அர்த்தத்தில் தீதி, தீதி என்று கூப்பிட்டு, கடைசியில் தமிழர்களாகிய நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். வாக்காளர் அட்டையைப் பார்த்தால்தான் என் பெயர் ஞாபகம் வருகிறது என்று அவரே சொல்வார். டவுனில் ஓர் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் அவர் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரிசை பாக்குமரம், அவ்வளவுதான் எல்லை.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள். என் மாமனார் மீன்பிடிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் தீவுகளுக்கு டூரிஸ்டுகளை ஏற்றிப்போகும் படகில் இன்ஜின் பார்க்கிறார். நான் படகு நிற்கிற ஜெட்டிக்குப் போகிற ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். சோறு, மீன்குழம்பு, பருப்பு, ஒரு பொரியல். படகு திரும்புகிற நேரத்துக்குப் பசியோடு வந்து இறங்குகிற ஜனத்துக்கு அது தேவாமிர்தம். அந்தக் கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் தீதியின் நாக்கு. இதை நான் மாதாவின் முன்னால் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

ஆனால் முதலில் அந்த நாக்கை நான் சபித்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில், பக்கத்து வீடாயிற்றே என்று ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அவரே கொண்டுவந்தார். நான் சிரித்த முகமாய் நிற்கிறேன்.

"அடி பிடிச்சிருச்சு இல்ல? மறைக்க வெல்லம் போட்டிருக்க," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. எங்கள் அம்மா வீட்டில் என் சாம்பாருக்கு அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்வார்கள். இவள் யார் எனக்குச் சொல்ல? கொல்லைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியவள், அவர் கோழி எங்கள் பக்கம் வந்தால்கூட விரட்டினேன். என் வீட்டுக்காரரிடம் போய், "சாம்பார் அடிபிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லையே, நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் அந்த மனிதர். அடிபிடித்திருந்தது. வெல்லமும் போட்டிருந்தேன். போட்டவளுக்குத் தெரியாதா? அன்றைக்கே புரிந்துகொண்டேன், இந்த வீட்டில் எனக்கு வாய்த்தவர் கல்லைக் கரைத்துக் கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கு என்பார் என்று. இன்றுவரை அப்படித்தான். நல்ல மனுஷன், சாட்சிக்கு உதவாதவர்.

தீதியால் வந்த சண்டைகள் ஊருக்குள் நிறைய. எங்கள் மாதா கோவிலைச் சேர்ந்த ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து. முழுக்க நெய்யில் செய்த பிரியாணி என்று அந்த வீட்டம்மா வாசலிலேயே சொல்லி வரவேற்றாள். தீதி ஒரு வாய் வைத்ததும், வேண்டாத வேலையாக, "எப்படி தீதி?" என்று கேட்டும் தொலைத்தாள். "டால்டா. மேல மட்டும் நெய்," என்றார் தீதி. எதிர் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் அந்த மழைக்காலம் முழுக்க தீதியிடம் பேசவில்லை.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்குள் ஜன்னல் திறந்துவிட்டது. ரொம்ப நாள் கோபத்தைச் சுமக்கிற உடம்பு இல்லை எனக்கு.

"ஏன் தீதி, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுரப் போவுது? அவ மனசு நோகாதுல்லா?"

"அரே, கேட்டா, சொன்னேன். கேக்கலன்னா சொல்லியிருக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "வாயில ஒண்ணு இருக்கும்போது வேற ஒண்ணை எப்படிச் சொல்றது? எனக்கு வராது."

உண்மையிலேயே அவருக்கு வராது. தன் சமையலுக்கும் அதே தீர்ப்புதான். "இன்னிக்கு என் ரசம் கேவலம்" என்று சொல்லிக்கொண்டே அந்த ரசத்தை முகம் சுளிக்காமல் ஊற்றிச் சாப்பிடுவார். இப்போது மகளோடு மெயின்லாண்டில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசும்போது அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டால், "மருமகன் நல்லா சமைக்கிறாரு. உப்புதான் இருக்கிறதில்ல," என்கிறார். அந்த மருமகனை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அவர் வாயில் வைக்க மறுத்த ஒரே ஒரு பொருள் சாராயம். எந்த ரூபத்திலும் கூடாது. கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுத்தால் தட்டை வாங்காமல், "ரம் போட்டியா?" என்று கேட்பார். போடாமல் அவருக்கென்று தனியாக ஒன்று சுடுவேன். அவருடைய புருஷன் நான் வந்த கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டார். குடிதான். அவர் வாசல்படி ஏறும்போதே என்ன குடித்தார், யாரோடு குடித்தார், வழியில் எதைத் தின்று வாசனையை மறைக்கப் பார்த்தார் என்று தீதிக்குத் தெரிந்துவிடுமாம். அப்பேர்ப்பட்ட மூக்கோடு அப்பேர்ப்பட்ட புருஷன். ஆண்டவர் சில சமயம் இப்படியும் கணக்குப் போடுகிறார். "நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஆனா அவரு மூச்சுலயே என் பங்கையும் குடிச்சு முடிச்சுட்டேன்," என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவர் வீட்டுக்குள் பாட்டில் நுழையாது. குடித்தவனும் நுழையமுடியாது.

இப்படி இருக்கையில்தான் உலகத்துக்கே வந்த அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மற்ற எல்லாரும் எழுந்து நடமாடிவிட்டார்கள். எனக்கும் காய்ச்சல் விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. கருவாட்டுப் பானைக்குள் தலையை விட்டாலும் வெறும் காற்று. நாக்கில் உப்பு, புளிப்பு, காரம் தெரியும். ஆனால் மீன் எது, கோழி எது என்று கண்ணை மூடினால் தெரியாது. வரும், வரும் என்றார்கள். டவுன் டாக்டரும் பொறுத்திருங்கள் என்றார். பொறுத்திருந்தேன்.

வந்தது. வந்த விதம்தான் கொடுமை. ஒருநாள் கடையில் வெங்காயம் வதக்குகிறேன், திடீரென்று டயர் எரிகிற நாற்றம், அதோடு சாக்கடை. அடுப்புக்குப் பின்னால் எதுவோ செத்துக் கிடக்கிறது என்று முழு அடுப்படியையும் கழுவினேன். மறுநாளும் அதே நாற்றம். அப்புறம் காபி, அப்புறம் பூண்டு, அப்புறம் மீன்குழம்பு. எதைத் தாளித்தாலும் அழுகல். குழம்பு கெட்டுவிட்டது என்று பானையோடு கொட்டினேன். இன்னொன்று வைத்தேன். அதையும் கொட்டினேன். என் வீட்டுக்காரர், "நல்லாத்தான இருக்கு, ஏன் கொட்டுத?" என்றார். அவர் பேச்சு எனக்கு என்ன ஆதாரம்? மாமியார் வழிச் சொந்தம் ஒருத்தி கண்ணேறு என்றாள். இன்னொருத்தி, "எல்லாம் மனசுதான்" என்றாள். மனசு நாறுமா?

தீதி ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் வந்தார். கரண்டியில் குழம்பு எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். கூரையைப் பார்த்தார்.

"குழம்பு சரியா இருக்கு. சுர்மை மீனு, இன்னிக்குப் பிடிச்சது. உன் மூக்குதான் சரியில்ல."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை நாளில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. மூக்குதான் சரியில்லை. பைத்தியம் இல்லை, கண்ணேறு இல்லை, மூக்கு. அவர் சொல்லிவிட்டார், முடிந்தது. அதற்கப்புறம் தினமும் பஸ்ஸுக்கு முன்னால் வந்து ருசி பார்த்துவிட்டுப் போனார். அவர் சரி என்றால் பரிமாறுவேன். ஆனால் ருசிக்கு ஆள் கிடைத்தாலும் நாற்றத்தில் நிற்க ஆள் கிடைக்குமா? வெங்காயம் சட்டியில் விழுந்ததும் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே எடுத்தேன். கடையைச் சாத்தினேன்.

சமையல்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதைவிட, சமையல்தான் நான். அது போனால் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பழைய சோறும் தயிரும் தின்றுகொண்டு, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன்.

அப்போதுதான் பெங்களூரில் வேலை செய்கிற என் தம்பி என்னைப் பார்க்க வந்தான். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்தவன் கொண்டுவந்தது என்ன என்கிறீர்கள்? பெட்டிக்குள் ஜீன்ஸில் சுற்றி இரண்டு பியர் பாட்டில். ஆபீஸில் யாரோ கொடுத்தார்களாம். சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற ஸ்பெஷல் சரக்காம். 'சேசோன்' என்று பெயர்.

மதியத்துக்கு மேல், மழை பிடித்துக்கொண்ட நேரம். தம்பி திறந்ததும் நுரை பொங்கி மேசை எல்லாம் ஓடிற்று. என் வீட்டுக்காரர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மங்கலா இருக்கேப்பா. கெட்டுப்போச்சு போல."

"இல்ல அத்தான், இது அப்படித்தான் இருக்கும். ஈஸ்ட் அடியில கிடக்கும். பெல்ஜியத்துல வயக்காட்டுல வேலை செய்றவங்களுக்காகப் பண்ணையிலயே காய்ச்சுனதாம்."

"அப்ப நம்ம நீராகாரம்னு சொல்லு," என்று ஒரே மூச்சில் பாதியைக் குடித்து, "நல்லாத்தான் இருக்கு," என்றார். வேறு என்ன சொல்வார்?

எங்கள் வீடுகளில் பெருநாளுக்கு ஒரு வாய் ஒயின் குடிப்பது உண்டு. பியர் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எல்லாமே அழுகலாய்ப் போனவளுக்கு இனி என்ன என்கிற வெறுப்பில் கிளாஸை எடுத்தேன். குளிர்ச்சி. நாக்கில் ஊசி ஊசியாய்க் குத்தல். ஓரத்தில் கசப்பு. அழுகல் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. மூச்சை விட்டேன். அப்போது மூக்கின் பின்பக்கம், உள்ளே, சுருக்கென்று ஒன்று. அம்மியில் நுணுக்கிய மிளகு. காரம் இல்லை, வாசனை.

கிளாஸை வைத்துவிட்டேன்.

"இதுல மிளகு போட்டிருக்காடா?"

தம்பி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தான். "இல்லக்கா. தண்ணி, பார்லி, கோதுமை, ஹாப்ஸ், ஈஸ்ட். மிளகு கிடையாது."

"எனக்கு மிளகு வாசம் வருதுடா."

அவன் முகம் பாவமாகிவிட்டது. "நீ ஆசையில நெனச்சுக்கிடுத போல."

"ஆமா ஆமா, மிளகு இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர் உடனே. மிளகாய் என்றாலும் ஆமா என்றிருப்பார். அவரை முறைத்தேன்.

இல்லாத நாற்றத்தை இத்தனை மாதம் காட்டிய மூக்கு, இல்லாத மிளகையும் காட்டாது என்று என்ன நிச்சயம்? இது நிஜமென்றால் எனக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. பொய்யென்றால் முன்னைவிட மோசம். நல்ல வாசனையைக்கூட இனி நம்பமுடியாது. இதைச் சொல்லக்கூடிய ஆள் இந்தத் தீவில் ஒருவர்தான். அவரிடம் கொண்டுபோகக்கூடாத ஒரே பொருளில் போய் அது இருக்கிறது.

கிளாஸின் மேல் ஒரு தட்டை மூடினேன்.

"எங்க போறே? பியரை எடுத்துட்டு அந்த வீட்டுக்கா? உனக்கென்ன கிறுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாக்குமரங்களுக்கு நடுவில் நனைந்துகொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை, தீதி வீட்டில்தான் இருந்தார். பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் தட்டை எடுப்பதற்கு முன்னாலேயே அவர் கை நின்றுவிட்டது.

"பியர்," என்றார்.

"ஆமா தீதி."

"என் வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்க."

"தீதி, எனக்கு இதுல ஒரு வாசம் தெரிஞ்சுது. நாத்தம் இல்ல, நல்ல வாசம். அது நிஜமாவே இதுல இருக்கா, இல்ல என் மூக்கு ஏமாத்துதான்னு தெரியணும். நான் வேற யாருட்ட போய்க் கேப்பேன்? எல்லாரும் எனக்கு நல்லது நெனைக்கிறவங்க."

"என்ன வாசம்…" என்று ஆரம்பித்தவர் கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாத. சொன்னா என் நாக்கு அதையே தேடும்."

கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தில் மழை கொட்டுகிறது. அவர் முகம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு முகமாக இருந்தது. அந்த நிமிஷம், வேண்டாம் தீதி, விடுங்கள், என்று சொல்லிவிட வாயெடுத்தேன். சத்தியமாக வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்துபோய்க் குடத்துத் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கிளாஸை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனதும் கண்ணை ஒருமுறை இறுக்கி மூடினார். புருஷன் வந்து எதிரில் நின்றிருப்பார், எனக்குத் தெரியும். பிறகு ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

"போதும் தீதி, துப்பிருங்க. முத்தத்துல துப்பிருங்க," என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். விழுங்கினார்.

"துப்புனா பாதிதான் தெரியும்," என்றார். கண் கூரைத் தகரத்துக்குப் போயிற்று.

"மிளகு."

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். குழந்தை பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை. தீதி தேற்றவெல்லாம் இல்லை.

"அழாத. மூக்கு அடைச்சுக்கும்," என்றார்.

"தம்பி சொல்லுதான், இதுல மிளகே போடலன்னு. பாட்டில்ல எழுதியிருக்காம்."

"போட்டாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருக்கா இல்லையான்னுதான நீ கேட்ட? இருக்கு."

அந்த வகை ஈஸ்ட்டுக்கே மிளகு வாசம் உண்டாம். தம்பி யார் யாருக்கோ போன் செய்து அன்று சாயங்காலம் கண்டுபிடித்துச் சொன்னான். எனக்கு அது தேவைப்படவில்லை. தீதி சொல்லியாயிற்று.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் இன்னொரு வாய் குடித்துக்கொண்டிருந்தார்.

"தீதி…"

"பொறு. இன்னும் ஏதோ இருக்கு." மறுபடியும் கூரை. "நாரத்தங்காத் தோலு. காஞ்ச வைக்கோலு. கடைசில லேசா ஆப்பமாவு வாசம். இதெல்லாம் உனக்கு வந்துச்சா?"

"இல்ல."

"மிளகு மட்டும்?"

"மிளகு மட்டும்தான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மத்ததும் வருமா தீதி?"

ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டாக்டர் சொன்னார், கோவில் சாமியார் சொன்னார், தம்பி சொன்னான், ஊரே சொன்னது. தீதி என் முகத்தைப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாது," என்றார். "மிளகு வந்திருக்கு. அது பக்கா."

அத்தனை மாதமாகக் கேட்ட எல்லா ஆறுதலும் ஒரு தட்டில், இந்த ஒரு வார்த்தை ஒரு தட்டில். எனக்கு இதுதான் கனமாக இருந்தது. நாளைக்கே கடைக்குப் போய்க் கதவையாவது திறந்து வைக்கவேண்டும் என்று தோன்றியது.

தீதி கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மதுவென்றால் வாசல்படிகூட மிதிக்கவிடாத அந்த மனுஷி, தன் வீட்டுப் பின்கட்டில், தன் கையால்.

"மூக்கைச் சிந்திட்டு இன்னொரு வாய் குடி," என்றார். "நாரத்தங்கா வருதான்னு பாப்போம்."